இலங்கையின் வடக்கு கிழக்கில் சிறுவர் உளநலம்: சமூகமும் ஆய்வும்

இலங்கையில் 1983 முதல் 2009 வரை நீடித்த உள்நாட்டுப் போரின்போது வடக்கு, கிழக்கு மாகாணங்களில் ஒரு தலைமுறை முழுவதும் எறிகணை வீச்சு, இடப்பெயர்வு, உறவினர் இழப்பு ஆகியவற்றுக்கு நடுவே வளர்ந்தது. 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலையும் அதே கரையோர மக்களைத் தாக்கியது. அக்காலத்தில் அங்கு இருந்த உளமருத்துவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. எனவே சிறுவர்களுக்கான உளநலப் பணியின் பெரும்பகுதி மருத்துவமனைக்கு வெளியே, பாடசாலையிலும் முகாமிலும் ஊரிலும் நடந்தது. பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் உளவளத்துணையாளர்களும் அதைச் செய்தனர். வெளிநாட்டு ஆய்வாளர்கள் அவர்களோடு சேர்ந்து அதன் விளைவுகளை அளந்தனர். அளந்தபோது கிடைத்த விடைகள் எல்லாம் எதிர்பார்த்தவையாக அமையவில்லை.

பின்னணி

இப்பணிக்கு அடித்தளமிட்டவர்களில் முதன்மையானவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம். போர் தமிழ் மக்களின் உள்ளத்தில் ஏற்படுத்திய பாதிப்பைப் பற்றிய இவரது ‘ஸ்கார்ட் மைண்ட்ஸ்’ என்னும் ஆங்கில நூல் 1998 இல் வெளிவந்தது. பின்னர் ‘கூட்டு மனவடு’ என்னும் கருத்தை இவர் விரித்து எழுதினார். போர் தனி மனிதரை மட்டும் காயப்படுத்துவதில்லை. குடும்பத்தையும் ஊரையும், அயலார் மீதுள்ள நம்பிக்கையையும் சேர்த்தே சிதைக்கிறது என்பது அதன் சாரம். (வடு என்பது ஆறிய புண்ணின் தடம். ஆறாத புண்ணைக் குறிக்க அது முழுதும் பொருந்தாவிட்டாலும், ‘மனவடு’ என்ற சொல் ஈழத்து உளநல எழுத்தில் நிலைத்துவிட்டது.)

பாதிப்பு கூட்டானது என்றால் பரிகாரமும் தனியறையில் மட்டும் நடக்க முடியாது. ஆசிரியர், சுகாதாரப் பணியாளர், ஊர்ப் பெரியவர் ஆகியோருக்குப் பயிற்சி அளித்தல், இறந்தோருக்கான சடங்குகளைச் செய்ய வழிவிடுதல், மூச்சுப் பயிற்சி, சாந்தியாசனம் போன்ற மக்களுக்குப் பழக்கமான தளர்வு முறைகளைப் பயன்படுத்துதல் ஆகியவை இந்த அணுகுமுறையில் இடம்பெற்றன. யாழ்ப்பாணத்தில் உள்ள ‘சாந்திகம்’ என்னும் உளவளத்துணை நிலையம் இத்தகைய பணிகளுக்கு ஒரு மையமாக விளங்கியது.

ஆசிரியர்கள் நடத்திய ஆய்வு

2002 இல் போர்நிறுத்தம் ஏற்பட்ட பின்னர் ஜேர்மனியின் கொன்ஸ்டான்ஸ் பல்கலைக்கழக உளவியலாளர்கள் இப்பகுதியில் ஆய்வுகளை மேற்கொண்டனர். அவற்றில் ஒன்று 420 பாடசாலைச் சிறுவர்களைப் பற்றியது. 2009 இல் வெளியானது. சிறுவர்களை நேர்கண்டவர்கள் உளநலக் கணிப்பிலும் சிகிச்சையிலும் ஒன்பது மாதத் தீவிரப் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆசிரியர்களே. சரிபார்ப்பதற்காக 67 சிறுவர்களை நிபுணர்களும் தனியே பரிசோதித்தனர்.

சிறுவர்களில் 92 விழுக்காட்டினர் குண்டுவீச்சு, மோதல், நெருங்கியவரின் இறப்பு போன்ற கடும் நிகழ்வுகளைச் சந்தித்திருந்தனர். 25 விழுக்காட்டினருக்கு, பயங்கர நிகழ்வு முடிந்த பின்னும் அது கனவாகவும் நினைவாகவும் திரும்பத் திரும்ப வந்து வருத்தும் நோய்நிலை காணப்பட்டது. நினைவாற்றல் சோதனைகளிலும் பாடசாலைப் புள்ளிகளிலும் அதன் பாதிப்பு தெரிந்தது. வகுப்பில் ஒதுங்கி இருக்கும், படித்ததை மறக்கும் பிள்ளை சோம்பேறி அல்ல, நோயுற்ற பிள்ளையாக இருக்கலாம் என்பதை இந்த எண்கள் ஆசிரியர்களுக்கு உணர்த்தின.

ஆசிரியரைத் தேர்ந்ததற்கு ஆள் பற்றாக்குறை மட்டுமே காரணம் என்று கொள்வது சரியாகாது. பிள்ளையின் மொழியையும் குடும்ப நிலையையும் ஆசிரியர் அறிவார். தலையிடி, நெஞ்சு படபடப்பு என்று உடல் நோவாகச் சொல்லப்படும் துயரை அவரால் இனங்காண முடியும். ஆய்வுத் திட்டம் முடிந்த பிறகும் அவர் அந்த ஊரிலேயே இருப்பார். மறுபக்கத்தில், அவரும் அதே போரில் இடம்பெயர்ந்தவர், உறவினரை இழந்தவர் என்பதையும் மறக்கலாகாது.

வீட்டுக்குள் இருந்த போர்

குளோடியா கட்டானியும் உடனாய்வாளர்களும் 2008 இல் வெளியிட்ட ஆய்வு, வடக்கு கிழக்கைச் சேர்ந்த 296 தமிழ்ச் சிறுவர்களிடம் போரைப் பற்றி மட்டுமன்றி வீட்டைப் பற்றியும் கேட்டது. 82.4 விழுக்காட்டினர் போர் தொடர்பான ஒரு நிகழ்வையேனும் சந்தித்திருந்தனர். குடும்ப வன்முறை சார்ந்த ஓர் அனுபவத்தையேனும் குறிப்பிட்டவர்களோ 95.6 விழுக்காட்டினர். தந்தையின் மதுப்பழக்கமும் பிள்ளை முன்னர் போருக்கு ஆளானமையும் வீட்டில் நிகழ்ந்த துன்புறுத்தலின் அளவோடு தொடர்புற்றிருந்தன. போர், வீட்டு வன்முறை, ஆழிப்பேரலை என ஒன்றன்மேல் ஒன்றாகச் சுமை ஏற ஏற நோயும் கூடியது.

எறிகணை ஓய்ந்தால் பிள்ளை தேறிவிடும் என்ற எண்ணம் இதனால் ஆட்டம் கண்டது. சிறுவர் உளநலம் பற்றிப் பேசுபவர் குடும்ப நலத்தையும், குறிப்பாகக் குடிப்பழக்கத்தையும் பேசியே ஆக வேண்டும் என்பது இந்த ஆய்வின் முக்கியமான பயன்.

இரண்டு சிகிச்சைகள்

ஆழிப்பேரலைக்குப் பின்னர் இடம்பெயர்ந்தோர் முகாம் ஒன்றில் 31 சிறுவர்களைக் கொண்டு இரு முறைகள் ஒப்பிடப்பட்டன. ஒன்று ‘கிட்நெட்’ எனப்படும் கதைகூறல் சிகிச்சை. இதில் பிள்ளையின் வாழ்க்கைக் கோடாக ஒரு கயிறு தரையில் விரிக்கப்படும். மகிழ்ச்சியான நிகழ்வுகளுக்குப் பூவும் துயரமான நிகழ்வுகளுக்குக் கல்லும் அதன்மீது வைக்கப்படும். பின்னர் பிள்ளை பிறந்தது முதல் வரிசையாகத் தன் கதையைச் சொல்லும். கல் இருக்கும் இடங்களில் நின்று விரிவாகச் சொல்லும். அச்சம் தந்த நினைவுக்குக் காலமும் இடமும் கிடைக்கும்போது அது ‘இப்போது நடப்பதாக’ அல்லாமல் ‘அன்று நடந்ததாக’ மாறும் என்பது இதன் அடிப்படை. மற்றது தியானமும் உடல்தளர்வும் சேர்ந்த முறை. இரண்டும் ஆறு அமர்வுகள்.

ஆறு மாதங்களுக்குப் பின் முதல் குழுவில் 81 விழுக்காட்டினரும் இரண்டாம் குழுவில் 71 விழுக்காட்டினரும் தேறியிருந்தனர். இந்த வேறுபாடு புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்கதன்று. சிகிச்சை பெறாத ஒப்பீட்டுக் குழு இல்லாததால், காலம் தானாக ஆற்றியது எவ்வளவு என்பதை இந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது.

பாடசாலைத் திட்டமும் அதன் எச்சரிக்கையும்

அந்தக் கேள்விக்கு விடை தேடும் வகையில் அமைந்தது, வீட்சே டோலும் உடனாய்வாளர்களும் 2012 இல் வெளியிட்ட ஆய்வு. வட இலங்கைப் பாடசாலைகளில் 1,370 சிறுவர்கள் பரிசோதிக்கப்பட்டு, 399 பேர் தெரிவு செய்யப்பட்டனர். 199 பேருக்கு ஐந்து வாரங்களில் 15 அமர்வுகள் நடந்தன. 200 பேர் காத்திருப்புக் குழுவில் இருந்தனர். சிந்தனையையும் நடத்தையையும் சீர்படுத்தும் உத்திகளும் ஆக்கச் செயற்பாடுகளும் அமர்வுகளில் கலந்திருந்தன.

மனவடு, மனச்சோர்வு, பதகளிப்பு ஆகிய முதன்மை அளவுகோல்களில் மொத்தக் குழுவுக்குப் பயன் எதுவும் தென்படவில்லை. நடத்தைச் சிக்கல்கள் குறைந்தன. இளைய சிறுவர்களிடம் அது கூடுதலாக இருந்தது. மனவடு, பதகளிப்பு ஆகியவற்றில் ஆண் பிள்ளைகளுக்கு ஓரளவு பயன் கிடைத்தது. ஆனால் அமர்வுகளில் பங்கேற்ற பெண் பிள்ளைகளின் மனவடு அறிகுறிகள், காத்திருந்த பெண் பிள்ளைகளுக்குக் குறைந்த அளவுக்குக்கூடக் குறையவில்லை. அன்றாடம் போர் நெருக்கீடு கூடுதலாக இருந்த பிள்ளைகளுக்கும் பயன் குறைவே. இயல்பாக நடக்கும் தேறுதலைச் சிலரிடம் இத்தகைய திட்டம் தடுக்கக்கூடும் என்று ஆய்வாளர்களே எழுதினர்.

நல்லெண்ணத்தோடு நடத்தப்படும் திட்டம் தீங்கு செய்யாது என்று நம்புவது எளிது. காத்திருப்புக் குழு ஒன்று இல்லாதிருந்தால் பெண் பிள்ளைகளைப் பற்றிய இந்தச் செய்தி வெளிவந்தே இராது; பங்கேற்றவர்களின் அறிகுறிகளும் ஓரளவு குறைந்ததால் திட்டம் வெற்றி என்றே பதிவாகியிருக்கும். பங்கேற்ற ஊர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் இந்த முடிவு கசப்பானதுதான். ஆயினும் இப்பணியில் கிடைத்த அறிவுகளில் இதையே பெறுமதி மிக்கதாகக் கருத வேண்டும்.

போருக்குப் பின்

2009 க்குப் பிறகு நடந்த ஆய்வுகள் மேலும் குடும்பத்தின் பக்கம் திரும்பின. வட இலங்கைச் சிறுவர்களைப் பற்றி 2015 இல் வெளியான ஓர் ஆய்வு, பெற்றோர் தம்மை அன்போடு பராமரிப்பதாக உணர்ந்த பிள்ளைகளிடம், கடும் அனுபவங்களுக்குப் பின்னரும் அச்சம், சோர்வு போன்ற உள்ளடங்கிய சிக்கல்கள் குறைவாக இருந்ததைக் காட்டியது. சோமசுந்தரமும் உளமருத்துவர் சி. சிவயோகனும் 2013 இல் எழுதிய ஆய்வும் குடும்பங்களையும் ஊர்ச் சமூகத்தையும் மீளக் கட்டியெழுப்புவதை உளநலப் பணியின் பகுதியாகவே வைத்துப் பேசியது. அந்த நோக்கில், தந்தையின் குடியை நிறுத்த உதவுவதும், கணவரை இழந்த தாய்க்குத் தொழில் ஒன்றைத் தேடிக் கொடுப்பதும் பிள்ளைக்குச் செய்யும் உளநலப் பணியே.