மை நிரப்பும் முன் பில் கேளுங்கள்

வீட்டுக்குப் பிரிண்டர் வாங்கப் போகிறவர்கள் அதன் விலையைத்தான் விசாரிக்கிறார்கள். மை தீர்ந்தால் என்ன செலவாகும், ஒருமுறை நிரப்பினால் எத்தனை பக்கம் வரும் என்று கேட்பவர்கள் குறைவு. சின்ன கார்ட்ரிட்ஜ்களில் சில இருநூறு பக்கத்தைக்கூட எட்டுவதில்லை. டேங்க் பிரிண்டருக்கான எப்சன் 003 கறுப்பு மையோ, 65 மி.லி. புட்டிக்கு 4,500 பக்கம் என்று நிறுவனமே சொல்கிறது. இது தொடர்ந்து அச்சிட்டுப் பார்த்த சோதனைக் கணக்கு. எப்போதோ ஒருமுறை அச்சிடும் வீட்டில் மையைத் தெறிக்கும் பாகமான ஹெட்டைச் சுத்தம் செய்யவே ஒரு பங்கு மை போய்விடும்.

டேங்க் முறையே கடைக்காரர்களின் வழியில் வந்ததுதான். பிரிண்டருக்கு வெளியே மைத்தொட்டி வைத்து, குழாய் இழுத்துக் கொடுக்கும் வேலையைக் கடைக்காரர்கள் செய்துவந்தார்கள். 2010-ல் எப்சனே அப்படியொரு பிரிண்டரை முதலில் இந்தோனேசியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

காசு கொடுத்து வாங்கிய கார்ட்ரிட்ஜில் வேறு மை நிரப்புவதைத் தடுக்கும் சட்டம் நம் நாட்டில் இல்லை. லெக்ஸ்மார்க் டோனர் கார்ட்ரிட்ஜ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமும், விற்ற பொருளின் மீது காப்புரிமையைக் காட்டிக் கட்டுப்பாடு விதிக்க முடியாது என்று 2017-ல் தீர்ப்பளித்தது. தடை வேறு வழியில் வருகிறது. 2016 செப்டம்பரில் ஹெச்பி பிரிண்டர்கள் பல, அதுவரை ஏற்றுவந்த பிற நிறுவனக் கார்ட்ரிட்ஜ்களைத் திடீரென நிராகரித்தன. காரணம், முன்பே பிரிண்டருக்குள் போயிருந்த ஃபர்ம்வேர் என்ற உள்மென்பொருள். எதிர்ப்பு கிளம்பியதும் நிறுவனம் வருத்தம் தெரிவித்தது. இத்தாலியின் போட்டி ஆணையம் இது போன்ற கட்டுப்பாடுகளுக்காக 2020-ல் ஹெச்பிக்கு ஒரு கோடி யூரோ அபராதம் விதித்தது. எனவே வாங்கும்போதே, வேறு நிறுவனச் சிப் உள்ள கார்ட்ரிட்ஜை இந்த மாடல் ஏற்குமா என்று கேளுங்கள். அதைத் தெரிந்துகொள்வது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்குத் தரும் உரிமை.

மறுநிரப்பலில் ஆபத்தும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. கரையும் சாயமான டை மை போக வேண்டிய இடத்தில் நுண்துகள் கொண்ட பிக்மென்ட் மையை ஊற்றினால் ஹெட் அடைத்துக்கொள்ளும். ஹெட் கார்ட்ரிட்ஜிலேயே இருக்கும் மாடல்களில் கெட்டால் புதுக் கார்ட்ரிட்ஜோடு போயிற்று. பிரிண்டருக்குள் பொருத்திய ஹெட் கெட்டால் செலவு பெரிது. மை முழுக்க வற்றிய பிறகும் அச்சிட்டால், சூட்டினால் மையைத் தெறிக்கவிடும் வகை ஹெட் கருகிவிடும். நம் வீடுகளில் நடக்கும் இன்னொரு தவறு, பிரிண்டரின் பட்டனை அழுத்தாமல் சுவர் சுவிட்சை அணைப்பது. ஹெட் மூடிக்குள் போய் உட்காராததால் மை காய்ந்துவிடும்.

பிற நிறுவன மையும் போலி மையும் ஒன்றல்ல. தன் பெயரிலேயே விற்கும் மாற்று மை சட்டப்படியானது. பெரிய நிறுவனத்தின் முத்திரையை ஒட்டி விற்பது வணிகக் குறியீட்டுச் சட்டப்படி குற்றம். பாக்கெட்டில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் முகவரி, அளவு, அதிகபட்ச விலை இல்லாவிட்டால் வாங்க வேண்டாம்.

வேறு மை ஊற்றியதால் ஹெட் பழுதானால் வாரன்டி கைகொடுக்காமல் போகலாம். ஆனால் காகிதம் இழுக்கும் உருளை பழுதாகி, அதற்கும் மையைச் சாக்காகச் சொல்லி மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அதோடு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளின் விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. ஆன்லைனில் வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கெடு இரண்டு ஆண்டு.

அங்கே பேசுவது காகிதம்தான். ரீஃபில் கடையிலும் மையின் பெயர், தேதி போட்ட பில் வாங்கிக்கொள்ளுங்கள்; தர மறுப்பதே முறையற்ற வணிகம் என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. பிரிண்டர் காட்டும் பிழைச் செய்தியை, அணைப்பதற்கு முன்பே போனில் படம் எடுத்து வைத்துவிடுங்கள்.