வளைகுடாச் சம்பளமும் ஊர் பாங்கு வட்டியும்

பூவார், பொழியூர், பாறசாலை வட்டாரத்திலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் சென்றவர்கள் பலர். துபாயிலும் சவுதியிலும் சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது. ஆகவே, வரி என்ற பேச்சு தமக்கில்லை என்று நினைக்கிறவர், ஊர் பாங்கின் கணக்கைப் பார்த்துத் திகைக்கிறார். டெபாசிட் வட்டியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது!

இது பாங்கின் தவறல்ல. வெளிநாட்டில் வசிப்பவருக்கு இந்தியாவில் கிடைக்கும் வருமானத்தில், கொடுப்பவரே வரியைப் பிடித்து சர்க்காருக்குக் கட்டவேண்டும் என்பது சட்டம். 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 195-ஆம் பிரிவு இதைக் கூறிற்று. அதற்குப் பதிலாக 2026 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நடைமுறைக்கென இயற்றப்பட்ட 2025-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதே முறை தொடர்கிறது.

இரு கணக்குகள்

வெளிநாட்டிலிருந்து அனுப்பும் பணத்தை என்.ஆர்.இ. கணக்கில் போட்டால், அதன் வட்டிக்கு இங்கே வரி இல்லை. வாடகை, நிலம் விற்ற தொகை போன்ற உள்நாட்டுப் பணம் என்.ஆர்.ஓ. கணக்கில் சேரும். அதன் வட்டிக்கு வரி 30 சதவிகிதம். கூடுதல் தீர்வையும் சேர்த்து 31.2 சதவிகிதம்.

உள்நாட்டில் வசிப்பவருக்கு ஒரு பாங்கில் ஆண்டு வட்டி 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் பிடித்தம். என்.ஆர்.ஓ. கணக்குக்கோ முதல் ரூபாயிலிருந்தே பிடித்தம் உண்டு. 'எனக்கு வரி இல்லை' என்று உள்நாட்டினர் எழுதிக்கொடுக்கும் படிவமும் இவர்களுக்குச் செல்லாது.

ஒரு கணக்கு

5 லட்ச ரூபாய் டெபாசிட்டுக்கு 7 சதவிகித வட்டி என்றால் ஆண்டுக்கு 35,000 ரூபாய். அதில் 10,920 ரூபாய் பிடித்தம்.

ஆனால் ஒரே வருமானத்துக்கு இரு நாடுகளும் வரி வாங்காமலிருக்க இந்தியா பல நாடுகளுடன் ஒப்பந்தம் செய்திருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்துடனான ஒப்பந்தப்படி இத்தகைய வட்டிக்கு வரி 12.5 சதவிகிதத்துக்கு மேற்படாது. பிடித்தம் 4,375 ரூபாயாகக் குறையும். சவுதியில் இருப்பவருக்கு 10 சதவிகிதம். 3,500 ரூபாய் மட்டுமே.

இச்சலுகை தானாக வராது. வேலை செய்யும் நாட்டின் வரி அதிகாரிகள் தரும் வசிப்புச் சான்றிதழ், பான் எண், வருமான வரி இலாகாவின் இணையதளத்தில் நிரப்பும் சுயவிவரப் படிவம் ஆகியவற்றை வட்டி வரவு வைக்குமுன் பாங்கில் சேர்க்கவேண்டும். ஆண்டுதோறும் புதிதாகத் தரவேண்டும்.

பிடித்த பணம் திரும்புமா?

திரும்பும். வெளிநாட்டில் வசிப்பவர் அங்கே வாங்கும் சம்பளம் பொதுவாக இங்கே கணக்கில் வராது. இந்திய வருமானம் அந்த 35,000 ரூபாய் மட்டுமே என்றால், அது வரி தொடங்கும் வரம்புக்கு மிகவும் கீழே. வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்தால் பிடித்த தொகை முழுவதையும் திரும்பப் பெறலாம். இதற்குக் கடைசி நாள் வழக்கமாக ஜூலை 31. கணக்கே தாக்கல் செய்யாதவர் சர்க்காருக்கு அதை இனாமாகக் கொடுத்தவர் ஆகிறார்.

எல்லை தாண்டினால்?

1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு சென்னை ராஜ்யத்துடன் சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அதனால் சிலருக்கு ஓர் எண்ணம்: களியக்காவிளைக்கு அப்பால் டெபாசிட் போட்டால் பிடித்தம் இராது என்று. வருமான வரி மத்திய சர்க்காருடையது. இரு பக்கமும் ஒரே சட்டம்தான்.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. வேலைக்குப் புறப்பட்டதும் பழைய சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றிவிடவேண்டும். அப்படியே விட்டுவைப்பது விதிக்கு மாறானது. நிரந்தரமாகத் திரும்பியவரும் உடனே பாங்குக்குத் தெரிவிக்கவேண்டும்; இல்லையேல் ஊரில் இருந்துகொண்டே வெளிநாட்டவருக்குரிய பிடித்தத்தைக் கொடுத்துவரவேண்டியிருக்கும்.

கடல் கடந்தவரின் வீட்டுக்கு பாங்கிலிருந்து காகிதம் வந்தால், பெரும்பாலும் அதைப் படித்துச் சொல்பவர் பக்கத்து வீட்டு குமாஸ்தாதான். அவர் முதலில் பார்க்கவேண்டியவை இரண்டு: கணக்கின் வகை, பிடித்த தொகை. அந்த இரண்டு வரிகளில் ஒரு குடும்பத்தின் பத்தாயிரம் ரூபாய் அடங்கியிருக்கலாம்.