மூன்றாவது ஜன்னல்

கண்ணைத் திருப்பினால் ஓசை கேட்கிறது என்று ஒருவர் சொன்னால் நாம் நம்புவோமா? "பாவம், மூளை கலங்கிவிட்டது" என்றே முடிவு கட்டிவிடுவோம். ஆயினும் தம் விழி அசைவது தமக்கே கேட்கிறதென்றும், நடக்கையில் காலடி ஓசை தலைக்குள் முழங்குகிறதென்றும் கூறுகிறவர்கள் உலகில் இருக்கிறார்கள். பலத்த சத்தம் கேட்டாலும், இருமினாலும், தும்மினாலும் பூமியே சுழல்வதாக அவர்களுக்குத் தோன்றும். இத்தகையோரில் பலருடைய துன்பம் மனோவியாதி என்று ஒதுக்கப்பட்டதுண்டு.

1929-ஆம் ஆண்டில் இத்தாலிய விஞ்ஞானி பியெட்ரோ டுல்லியோ, புறாக்களின் உட்காதிலுள்ள எலும்புக் குழாயில் சிறு துளையிட்டு ஆராய்ந்தவற்றை வெளியிட்டார். ஓசை எழுப்பியதும் அவற்றின் கண்ணும் தலையும் தாமாகவே அசைந்தன. அதன்பின் ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் கழித்து, 1998-இல், அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையின் லாயிட் மைனர் என்னும் வைத்தியரும் அவருடைய சகாக்களும், மனிதருக்கு நேரும் இவ்வியாதியின் மூலகாரணத்தை விளக்கினார்கள்.

நம் உட்காதிலே கேட்பதற்கு நத்தைக்கூடு போன்ற ஒரு சுருளும், தலையின் சுழற்சியை அறிவதற்கு மூன்று அரைவட்டக் குழாய்களும் உண்டு. இவற்றில் நீர் நிரம்பியிருக்கிறது. இந்த எலும்புக் கோட்டைக்கு ஒலியின் பொருட்டு அமைந்தவை இரண்டே ஜன்னல்கள். ஒன்றின் வழியே அதிர்ச்சி உட்புகும். மற்றொன்று அதற்கு இடங்கொடுத்து நெகிழும். மேல் அரைவட்டக் குழாயின்மீது கவிந்துள்ள எலும்பில் சிலருக்குத் துவாரம் உண்டாகிவிடுகிறது. இதுவே மூன்றாவது ஜன்னல். சுருளுக்குப் போகவேண்டிய ஒலியின் ஒரு பகுதி இவ்வழியே திரும்பிக் குழாயின் நீரை அசைக்கிறது. ஆகவே வெளியோசை மந்தமாகிறது. எலும்பின் மூலம் வரும் உள்ளோசை பெரிதாகிறது. அசையாது உட்கார்ந்திருப்பவருக்கும் தலை சுற்றுகிறது.

நுண்ணிய ஸி.டி. ஸ்கான் படத்தில் இத்துவாரத்தைக் காணலாம். ஆனால் மிக மெல்லிய எலும்பும் படத்தில் துவாரம்போலவே தோன்றக்கூடுமாதலால், வேறு சில காதுப் பரீட்சைகளும் செய்தே வைத்தியர்கள் நிச்சயம் செய்கிறார்கள். உபத்திரவம் சொற்பமானால், அதைத் தூண்டும் சத்தத்தை விலக்கி நடந்தாலே சிலருக்குப் போதும். அன்றாட வாழ்வே குலைந்துபோனவர்களுக்கு, ரண சிகிச்சையால் அக்குழாயை அடைத்துவிடுகிறார்கள். செவியின் அருகே நடக்கும் சிகிச்சையாதலால் கேள்விக்குப் பங்கம் நேரும் அபாயமும் உண்டு; யோசித்தே அதில் இறங்கவேண்டும்.

தலைசுற்றலென்றாலே பித்தமென்று எண்ணி, கஷாயத்தோடு நிறுத்திவிடும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. எல்லாத் தலைசுற்றலுக்கும் இத்துவாரமே காரணமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் வீட்டிலுள்ள ஒருவர், "என் குரலே எனக்குள் இடிக்கிறது, சத்தம் கேட்டால் தலை சுழல்கிறது" என்றால், பரிகாசம் செய்யாமல் முழுவதையும் கேட்டு, காது வைத்தியரிடம் அவ்வாறே எடுத்துரைக்கச் செய்வது நம் கடமை.