சாயவேரும் கலைமனையும்

தமிழிலே 'கலை' என்னுஞ் சொல் கல்வித் துறைகளை மட்டுமன்றி, உடுக்கும் ஆடையையும் குறிக்கும். துகில், கலிங்கம், அறுவை, கூறை என ஆடைக்கு வேறு பல பெயர்களும் உண்டு. சங்கப் புலவருள் ஒருவர் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்று தம் தொழிற்பெயராலேயே அறியப்படுகின்றார். ஆடைத் தொழிலும் புலமையும் வேறு வேறு உலகங்கள் என்று நம் முன்னோர் கருதினாரல்லர் என்பதற்கு இவை போதிய சான்றுகளாம். அங்ஙனமாயின், இத்தொழில் இக்காலத்தில் எவ்விடத்தில், எம்முறையிற் பயிலப்பட வேண்டும்? பழம்பெரும் மனையொன்றிற் சில நாட்கள் தங்கியிருந்து நூற்றலும் நெய்தலும் சாயமிடுதலும் பயிலும் வழக்கம் உலகின் பல பாகங்களிலும் இன்று காணப்படுகின்றது. அதன் இயல்பையும், அனலைதீவு முதலாய நம் தீவுகளுக்கு அதனோடுள்ள தொடர்பையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் வெஸ்ட் டீன் என்றொரு நாட்டுப்புற மாளிகை உளது. அதன் உரிமையாளராகிய எட்வேட் ஜேம்ஸ் என்பார் 1964ஆம் ஆண்டில் அதனை அறநிலையம் ஒன்றின் பொறுப்பில் விடுத்தார். 1971இல் அங்கே கைவினைக் கல்லூரியொன்று தொடங்கப்பெற்றது. பின்னர் அம்மாளிகையில் அமைந்த நெசவுக்கூடத்திலே, சிற்பி ஹென்றி மூர் வரைந்த ஓவியங்கள் திரைச்சீலைகளாக நெய்யப்பட்டன. செல்வர் ஒருவரின் வாசத்தலமாயிருந்த மனை கைத்தொழிலாளரின் பயிற்சிக் களமாகியது.

இதற்கு ஒப்பான முயற்சி நம் நாட்டிலும் உண்டு. ஏனா டி சில்வா அம்மையார் (1922–2015) கொழும்பிலே 1960ஐ அண்டிய காலத்திற் பற்றிக் என்னும் மெழுகோவியச் சாயத் தொழிலைப் புதுமுறையில் வளர்த்தார். கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா அமைத்த பெந்தோட்டைக் கடற்கரை விடுதியின் கூரையடியை அலங்கரித்தவை அவருடைய மெழுகோவியச் சீலைகளே. 1980களில் அவர் மாத்தளையை அடுத்த அலுவிகாரையிலுள்ள தம் முன்னோர் ஊரையடைந்து, அங்குள்ள கிராமப் பெண்களைச் சேர்த்துத் தையற் சித்திரமும் மெழுகோவியமும் நடைபெறும் தொழில்மனையொன்றை வளர்த்தார். ஊரை விட்டுத் தொழிலைத் தேடிப் போகாமல், தொழிலே ஊரை நாடி வருமாறு செய்தமை இம்முயற்சியின் சிறப்பாகும்.

இத்தொழிலைத் தங்கியிருந்தே பயில வேண்டுவது ஏன் என்று சிலர் வினவலாம். நூலுக்கும் சாயத்துக்கும் தமக்குரிய காலம் உண்டு என்பதே விடை. இதனை விளங்கிக்கொள்ள வெளிநாட்டு உதாரணம் வேண்டா. நம் மணற்பாங்கான கரைகளில் வளரும் சாயவேர் என்னும் சிறு பூண்டே போதுமானது.

சித்த வைத்தியர் இம்பூறல் என்று வழங்கும் இப்பூண்டு நிலத்தோடு ஒட்டி வளர்வது. வெண்ணிறமான நுண்ணிய பூக்களையுடையது. ஆயின் அதன் பெருமை மண்ணுக்குள்ளே மறைந்திருக்கின்றது. மெல்லிய நீண்ட வேரின் பட்டையிலே 'அலிசரின்' என்னும் செஞ்சாயப் பொருள் உளது. இதனைக் காய்ச்சி எடுத்த நீரில் வெறுந்துணியைத் தோய்த்தாற் சாயம் நன்கு பற்றாது. படிகாரத்திலுள்ள அலுமினியம் இடையிலே நின்று, சாயத்தையும் பருத்தியிழையையும் பிணைத்தல் வேண்டும். படிகாரத்துக்குப் பதிலாக இரும்புக் கரைசல் பூசினால் அதே வேர் கருமை சார்ந்த நிறத்தைத் தரும். வேர் ஒன்றே, இடைநின்று பிணைக்கும் பொருள் வேறுபடவே நிறமும் வேறுபடுகின்றது.

சோழமண்டலக் கரையிற் சித்திரச் சீலை எழுதினோர் கையாண்ட முறையைக் காண்க. முதலில் துணியை வெளுத்து, கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்து உலர்த்துவர். கடுக்காயின் துவர்ப்பு சாயம் பற்றுதற்கு உதவும்; பாலின் கொழுப்பு எழுதிய கோடு பரவாது காக்கும். பின்னர் இரும்புக் கரைசலாற் கருங்கோடுகளை எழுதி, சிவக்க வேண்டிய இடங்களிற் படிகார நீரைப் பூசுவர். அதன்பின்னரே துணியைச் சாயவேரோடு கொதிக்க வைப்பர். இறுதியில் அதனை வெயிலில் விரித்து நீர் தெளித்து வருவர். மருந்து பூசாத இடங்கள் நாளடைவில் வெளுக்க, பூசிய இடங்கள் மட்டுஞ் சிவந்து நிற்கும். இவற்றுள் எதனையும் ஒரு பகற்பொழுதிற் செய்து முடித்தல் இயலாது. வெயிலின் தன்மை, கிணற்று நீரின் சுவை, துணி உலரும் வேகம் ஆகியவற்றைக் கண்ணாலும் கையாலும் பல நாள் அறிந்தவனே இதில் வல்லவனாவான். ஆதலின் மாணவன் தொழில் நடக்கும் இடத்திலே உண்டு உறங்கி உடனுறைதல் வேண்டுவதாயிற்று. நம் குருகுல முறையும் இதுவே அன்றோ?

இனி இவ்வேரின் வரலாற்றை நோக்குவோம். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் நம் தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று. அனலைதீவு றொட்டர்டாம் ஆயிற்று. பெயரிட்டதோடு அவர்கள் நின்றாரல்லர். மன்னாரிலும் யாழ்ப்பாணத்துத் தீவுகளிலும் கிண்டப்பட்ட சாயவேரைத் தம் கம்பெனியின் தனியுரிமைப் பொருளாக்கினர். யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்த அதிகாரியாயிருந்த ஹென்றிக் சுவாடக்குறூன் 1697இல் எழுதிவைத்த நிருவாகக் குறிப்பிலே சாயவேர் பற்றிய செய்தியும் இடம்பெறுகின்றது. வெயிலில் மணலைத் தோண்டி வேரெடுத்தோர் வேர்க்குத்திகள் எனப்பட்டனர். சமூகத்தின் அடித்தட்டில் வைக்கப்பட்டிருந்த அவர்களுடைய உழைப்பின்றி அச்செந்நிறம் இல்லை. ஆயினும் அச்சீலையை உடுத்தோர் புகழ் பெற்றனர். விற்றோர் செல்வம் பெற்றனர். வேரைத் தோண்டியோர் பெயரை வரலாறு எழுதவில்லை.

சீலைகளின் அழகில் மேனாட்டார் கொண்ட மோகம் பெரிது. உள்ளூர் நெசவாளரைக் காக்கும் பொருட்டுப் பிரான்சு 1686இல் இவற்றைத் தடைசெய்தது. இங்கிலாந்தும் 1701, 1722ஆம் ஆண்டுகளில் நடைமுறைக்கு வந்த சட்டங்களால் இவற்றைக் கட்டுப்படுத்திற்று. 1742இல், சோழமண்டலக் கரையிலிருந்த கேர்தூ என்னும் யேசுசபைப் பாதிரியார் சாயத்தொழிலின் படிமுறைகளைத் தொழிலாளரிடம் கேட்டறிந்து பிரான்சுக்குக் கடிதமாக எழுதியனுப்பினார். ஐரோப்பாவில் சாயவேர் இல்லை. ஆயின் மஞ்சிட்டியின் இனத்ததாகிய மடர் என்னும் செடியின் வேரில் அதே அலிசரின் உண்டு. பிற்காலத்தே வில்லியம் மொறிஸ் என்னும் ஆங்கிலக் கலைஞர், ஆலைச் சாயங்களின் நிறங்களை வெறுத்து, லீக் நகரத்துச் சாயத் தொட்டிகளிலே தாமே கையை நனைத்து மடர், அவுரி முதலிய பழஞ்சாயங்களைப் பயின்றார். ஆயினும் 1868இல் ஜேர்மானிய அறிஞரான கிறேபேயும் லீபர்மானும் அலிசரினை இரசாயன முறையால் ஆக்கிவிட்டனர். சில ஆண்டுகளில் மடர்த் தோட்டங்கள் அழிந்தன. சாயவேரின் வாணிகமும் படிப்படியாகத் தேய்ந்தது. வேர் மண்ணிலேயே நின்றது. அதனை அறிந்த கைகள் மறைந்தன.

இன்று நம் தீவுகளின் நிலை யாது? ஊர்காவற்றுறையிலிருந்து படகேறி அனலைதீவை அடைவோர் பனங்கூடல்களையும் புகையிலைத் தோட்டங்களையும் காண்பர். அவற்றோடு பூட்டிய வீடுகளையும் காண்பர். 1990ஐ ஒட்டிய போர்க்கால இடப்பெயர்வினாலும் கடல்கடந்த குடிபெயர்வினாலும் தீவுப்பகுதியின் மனைகள் பல ஆளின்றிக் கிடக்கின்றன. நம் பழைய நாற்சார் வீட்டின் அமைப்பை எண்ணிப் பார்ப்போர்க்கு அது இத்தொழிலுக்கென்றே வகுத்தது போலத் தோன்றும். நடு முற்றம் துணி உலர்த்த வெயில் தரும். சுற்றுத் திண்ணை தறிக்கு நிழல் தரும். வளவு வேர்ப்பாத்திக்கும் வெளுப்பதற்கும் இடந்தரும். நீரும் கருதத்தக்கது. அலிசரின் ஒளியுடன் சிவப்பதற்கு நீரிலே சுண்ணாம்புச் சத்து வேண்டும். நம் நிலமோ சுண்ணாம்புப் பாறையால் ஆயது. ஆயினும் தீவுகளின் நன்னீர் குறைவானது. உவர் கலப்பதும் எளிது. சாயத் தொழிலோ மிகுந்த நீரை வேண்டுவது. ஆகவே கிணறுகளின் வளத்தை அளந்து, கழிவுநீர் மீண்டும் அவற்றிற் சேராதவாறு வகை செய்த பின்னரே எம்முயற்சியும் தொடங்கத் தக்கது.

இத்தகைய கலைமனை நம் தீவொன்றில் எழுமாயின், அது காக்க வேண்டிய நெறிகள் வேறும் இரண்டு உள. முதலாவது, வேரைக் காட்டிலிருந்து தோண்டி எடுத்தாற் செடி வேரோடு அழியும். ஆதலாற் பாத்தி கட்டி வளர்த்தே எடுத்தல் வேண்டும். இரண்டாவது, செல்வர் வந்து சில நாள் இன்புற்றுப் போகும் விடுதியாய் அது முடிந்துவிடலாகாது. பனையோலை இழைப்போரும், தையல் அறிந்த பெண்களும், நிலத்தில் வேலை செய்வோரும் அங்கே ஆசிரியராக மதிக்கப்பட்டு, ஊதியத்திலும் பெயரிலும் பங்கு பெறல் வேண்டும். ஒல்லாந்தர் காலத்துக் குறையை நாமே மறுபடியும் செய்வோமாயின், மனை பழையதாயிருந்தும் பயன் இல்லை.

கலைமனை எழுங்காலம் வரை காத்திருக்க வேண்டுவதில்லை. தாவரவியல் பயிலும் மாணவர் கல்லூரித் தோட்டத்தில் ஒரு பாத்தி சாயவேர் வளர்க்கலாம். இரசாயனம் பயில்வோர் வெவ்வேறு ஊர்க் கிணற்று நீரில் ஒரே துணியைச் சாயமிட்டு நிறங்களை ஒப்புநோக்கலாம். வரலாறு பயில்வோர் தத்தம் ஊர் முதியோரிடம் சாயவேர் பற்றிய நினைவுகளைக் கேட்டெழுதலாம். கடல்கடந்து வாழும் பழைய மாணவர் தம் பூட்டிய மனைகளின் சாவியை இத்தகைய பணிக்கு ஒரு பருவத்துக்கேனும் ஈயலாம். கலை என்னுஞ் சொல்லின் இரு பொருளும் மீண்டும் ஒரு மனையிற் கூடுதற்கு இவை போதிய தொடக்கமாகும்.