நன்ஸ் கிராஸ்: மூட்டத்தில் வழி சொன்ன கல்

பிரின்ஸ்டவுனிலிருந்து தெற்கே நடந்து வந்தவருக்கு இதுவரை புல்லும் ஹெதர் புதரும்தான் துணை. இப்போது முன்னால் நிற்பது 2 மீட்டருக்கு மேல் உயரமான கிரானைட் சிலுவை. இங்கிலாந்தின் டார்ட்மூர் வெளியில் உள்ள மிகப் பழைய சிலுவைகளில் ஒன்று. அரச வனத்தின் எல்லையை 1240இல் நடந்து அளந்தவர்கள் இதை ‘சிவார்டின் சிலுவை’ என்று பதிந்தார்கள். அப்போதே அது அடையாளக் கல்லாக இருந்திருக்கிறது.

இன்றைய பெயர் நன்ஸ் கிராஸ்; ஆங்கிலத்தில் ‘நன்’ என்றால் கன்னியாஸ்திரி என்பதற்காக இங்கே கன்னியாஸ்திரிகளைத் தேட வேண்டாம். பள்ளத்தாக்கைக் குறிக்கும் ‘நான்ஸ்’ என்ற பழைய கார்னிஷ் சொல்தான் ‘நன்ஸ்’ ஆனது என்பது பரவலான கருத்து.

பக்ஃபாஸ்ட், டாவிஸ்டாக், பக்லண்ட் மடங்களுக்கிடையே போய்வந்த துறவிகளுக்கு இந்த வெளியில் சாலை கிடையாது. மூட்டம் இறங்கினால் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு என்றுதான் நடந்திருப்பார்கள்.

சிலுவையின் தண்டை அருகில் போய்ப் பாருங்கள். குறுக்கே ஓடும் முறிவும், அதை இறுக்கிப் பிடித்திருக்கும் இரும்புக் கவ்விகளும் தெரியும். 1840களில் சிலுவை விழுந்து உடைந்தது. அப்போது ஒட்டவைத்ததுதான் இது. ஒரு முகத்தில் சிவார்டின் பெயர், மறுமுகத்தில் பக்லண்ட் என்ற பெயரின் பழைய வடிவம். எழுத்துகள் மிகவும் தேய்ந்துவிட்டன. சாய்வெயிலில்தான் வாசிக்க வரும், நண்பகலில் வந்தால் விரலால் தடவிப் பார்க்கலாம்.

கிழக்கே தாழ்வாகத் தெரிவது ஃபாக்ஸ் டார் சதுப்பு. கோனன் டாயில் 1902இல் நூலாக வெளியிட்ட ‘தி ஹவுண்ட் ஆஃப் த பாஸ்கர்வில்ஸ்’ நாவலின் கொடிய சேற்றுநிலத்துக்கு இதுவே மூலம் என்பார்கள். அங்கே பளிச்சென்ற பச்சையாகத் தெரிவது தரை அல்ல, நீரில் மிதக்கும் பாசி. காலை வைக்காதீர்கள்.