ஒரு யென் ஒரு ரூபாய்கூட இல்லை... அப்போ ஜப்பான் ஏழை நாடா?

ராஜபாளையத்துல ஸ்பின்னிங் மில் ஆபீஸ்ல வேலை பார்க்கிற தம்பி ஒருத்தர் போன வாரம் கேட்டார்: "அண்ணே, ஜோர்டான்ல ஒரு வேலை, ஜப்பான்ல ஒரு வேலை வந்திருக்கு. ஜோர்டான் தினார் ஒண்ணு நூறு ரூபாய்க்கு மேல. யென் ஒரு ரூபாய்கூட இல்ல. ஜோர்டானுக்கே போயிடவா?"

பொறுங்க தம்பி!

பக்கத்துல ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கடையை நினைச்சுக்குங்க. ஒரு கிலோவை நாலு பாக்கெட்டாவும் போடலாம், இருபது பாக்கெட்டாவும் போடலாம். பாக்கெட் பெரிசா இருந்தா கடைக்காரர் பணக்காரர்னு அர்த்தமா? ஒரு நாளைக்கு மொத்தம் எத்தனை கிலோ விக்கிறார் என்பதுதான் கணக்கு. ஒரு தினார், ஒரு யென் எல்லாம் வெறும் பாக்கெட் சைஸ்.

நிஜக் கணக்கு என்ன?

ஒரு ஜோர்டான் தினார் சுமார் 1.41 டாலர். ஜப்பானிலோ 1949-ல் ஒரு டாலருக்கு 360 யென் என்று நிர்ணயித்தார்கள். 1971 வரை அதே ரேட். அந்த 22 வருஷத்துலதான் ஜப்பான் உலகின் பெரிய பொருளாதாரங்களில் ஒன்றாக வளர்ந்தது. இன்றும் ஜப்பானின் தனிநபர் வருமானம் ஜோர்டானைவிடப் பல மடங்கு அதிகம்.

நம்ம கதையும் அதுதான். 1991-ல் டாலர் 26 ரூபாயைத் தொட்டது. இன்று 85-ஐத் தாண்டியாச்சு. ஆனால் அன்று சுமார் 300 டாலராக இருந்த தனிநபர் ஜிடிபி, இன்று 2,500 டாலருக்கு மேல்.

அப்போ ரூபாய் விழுந்தா நல்லதா?

அப்படியும் இல்லை. ராஜபாளையம் பக்கம் சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணியை ஏற்றுமதி பண்றவருக்கு அதே டாலருக்குக் கூடுதல் ரூபாய் வரும். ஆனா வெளிநாட்டு மெஷின் பாகம் வாங்கினா செலவும் கூடும். கச்சா எண்ணெயை டாலரில் வாங்குறோம். பால் வண்டி டீசல், உங்க பைக் பெட்ரோல் வரைக்கும் அந்தச் சுமை இறங்கலாம். ரேட் எவ்வளவு என்பதைவிட, அது எவ்வளவு வேகமா மாறுது என்பதுதான் பர்ஸைக் கடிக்கும். 2022-க்குப் பிறகு யென் சரிஞ்சப்போ, ஜப்பான்ல இருந்து வீட்டுக்குப் பணம் அனுப்பினவங்களுக்கு இது நல்லாவே புரிஞ்சிருக்கும்.

வெளிநாட்டு ஆஃபர் வந்தா மூணு விஷயம் பாருங்க:

1. வரி, இன்சூரன்ஸ் பிடித்தம் போகக் கைக்கு வரும் சம்பளம்.
2. அந்த ஊர் வாடகை, சாப்பாடு, போக்குவரத்து.
3. மிச்சம் எவ்வளவு? அதை ரூபாயாக மாத்துங்க. ரேட்டில் 10% குறைஞ்சாலும் கட்டுப்படி ஆகுமா?

இதைச் சொன்னதும் தம்பி சிரிச்சார். "கணக்குப் போட்டுட்டுச் சொல்றேன் அண்ணே."

நீங்களும் போட்டுப் பாருங்க. முழுக் கணக்கையும் வீடியோவில் படிப்படியா காட்டியிருக்கேன்.