மோட்டார் சைக்கிள் ஓட்டுத் தேர்வுக்கான ஆயத்தம்

மோட்டார் சைக்கிள் ஓட்டுத் தேர்வுக்கான ஆயத்தம் என்பது, பழகுநர் உரிமம் பெற்று ஓட்டிப் பழகும் ஒருவர் ஓட்டுநர் உரிமத்துக்கான தேர்வை எதிர்கொள்ளும் அளவுக்குத் தேர்ச்சி அடைந்துவிட்டாரா என முடிவு செய்வதைக் குறிக்கும். இந்தியாவில் இம்முடிவு பெரும்பாலும் பழகுநரிடமே விடப்பட்டுள்ளது. தமிழ்நாட்டில் இத்தேர்வு பேச்சு வழக்கில் "எட்டு போடுதல்" என அறியப்படுகிறது.

சட்ட நிலை

மோட்டார் வாகனச் சட்டம், 1988 இன்படி பழகுநர் உரிமம் 6 மாதங்களுக்குச் செல்லும். அதைப் பெற்று 30 நாட்கள் நிறைவடைந்த பின்னரே தேர்வுக்குச் செல்ல முடியும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 கூறுகின்றன. இது குறைந்தபட்சக் காத்திருப்புக் காலம் மட்டுமே. முப்பது நாட்களும் வண்டியைத் தொடாதவர்கூட 31ஆம் நாள் தேர்வுக் களத்தில் நிற்கலாம்.

கார் பழகுபவரின் அருகில் உரிமம் பெற்ற பயிற்றுநர் ஒருவர் அமர்ந்திருக்க வேண்டும். மோட்டார் சைக்கிள் பழகுபவரோ நடைமுறையில் பெரும்பாலும் தனியாகவே ஓட்டிப் பழகுகிறார். பின்னிருக்கையில் அமர்பவரால் பிரேக்கையோ கிளட்சையோ இயக்க முடியாது என்பதால் இது இயல்பானதே. ஆயினும் இதன் விளைவாக, பழகுநரின் பிழைகளைக் கவனித்துச் சொல்ல எவரும் இல்லாமல் போகிறது.

தேர்வில் தவறியவர் 7 நாட்களுக்குப் பின் மீண்டும் முயலலாம். மூன்று முறை தவறினால் 60 நாட்கள் காத்திருக்க வேண்டும்.

எட்டு போடுதல்

எட்டு வடிவப் பாதையில் காலைத் தரையில் ஊன்றாமல் வண்டியைச் செலுத்துவதே இதன் சாரம். மோட்டார் சைக்கிள் வேகமாகச் செல்லும்போது பெருமளவு தானாகவே நிலைத்து நிற்கும்; நடை வேகத்தில் அந்நிலைப்பு குறைந்துவிடுவதால் சமநிலையை ஓட்டுபவரே காக்க வேண்டும். எனவே எட்டு எளிதாகத் தோன்றினாலும் எளிதன்று.

ஆக்சிலேட்டரைச் சீராக வைத்து, கிளட்சைப் பாதி விட்டுப் பிடித்து, பின் பிரேக்கை மெல்ல அழுத்தி வேகத்தைக் கட்டுப்படுத்துவது வழக்கம். கைப்பிடி திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி சாய்ந்துவிடும். பார்வை அடுத்த வளைவின் மேல் இருத்தல் வேண்டும். முன் சக்கரத்தையே பார்ப்பவர் பெரும்பாலும் காலை ஊன்றிவிடுவார். இடம், வலம் ஆகிய இரு பக்கங்களிலிருந்தும் தொடங்கி, தொடர்ந்து பத்து முறை தவறாமல் சுற்ற முடிந்தால் இப்பகுதிக்கு ஆயத்தம் எனக் கொள்ளலாம். ஒரு முறை சரியாக வந்தது தற்செயலாகவும் இருக்கலாம்.

எட்டு அளக்காதவை

விதிகள் எதிர்பார்க்கும் திறன்கள் எட்டுடன் முடிவதில்லை. கண்ணாடியைப் பார்த்த பின் சைகை காட்டித் திரும்புதல், ஏற்றத்தில் நிறுத்தி மீண்டும் கிளப்புதல், பாதசாரிகள் கடக்குமிடத்தில் முறையாக நடந்துகொள்ளுதல், அவசரமாக நிறுத்துதல் முதலியனவும் விதி 15இல் இடம்பெறுகின்றன. இவற்றுள் அவசரமாக நிறுத்துவதே உயிரோடு நேரடியாகத் தொடர்புடையது. பழகுநர்கள் மிகக் குறைவாகப் பயில்வதும் இதுவே.

மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் சுமார் 11 மீட்டர் கடக்கிறது. ஆபத்தை உணர்ந்து பிரேக்கைப் பிடிக்க ஒரு நொடி ஆகும் எனவும், வேகம் நொடிக்கு 6 மீ/நொடி என்ற வீதத்தில் குறையும் எனவும் கொண்டால், மொத்தம் ஏறக்குறைய 21 மீட்டர் தேவை. வேகம் 60 கி.மீ. ஆனால் இது 40 மீட்டராகிறது. வேகம் ஒன்றரை மடங்குதான் கூடியது. தூரமோ ஏறத்தாழ இரு மடங்காகிவிட்டது.

பிரேக் பிடிக்கும்போது எடை முன் சக்கரத்துக்கு மாறுவதால், நிறுத்தும் ஆற்றலின் பெரும்பகுதி முன் பிரேக்கிடமே உள்ளது. "முன் பிரேக் பிடித்தால் கவிழ்ந்துவிடும்" என்ற பரவலான அறிவுரை, எட்டு போடும்போது பொருந்தும். நேரான சாலையில் பொருந்தாது. அங்கு இரு பிரேக்குகளையும் சேர்த்து, முன் பிரேக்கைப் படிப்படியாக இறுக்குதல் வேண்டும். 125 க.செ.மீ.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல் ஏபிஎஸ் கட்டாயமாக்கப்பட்டது. பழகுவதற்குக் கிடைக்கும் பழைய வண்டிகளில் அது இருப்பது அரிது.

பெரிய பிரித்தானியாவில் 1990 முதல் கட்டாய அடிப்படைப் பயிற்சி நடைமுறையில் உள்ளது. பயிற்றுநர் நிறைவடைந்து சான்று அளித்தால்தான் பழகுநர் தனியாகச் சாலைக்கு வரலாம். 2009இல் தேர்வு இரு பகுதிகளாக்கப்பட்டது. முதல் பகுதியில் மணிக்கு சுமார் 50 கி.மீ. வேகத்திலிருந்து அவசரமாக நிறுத்திக் காட்ட வேண்டும்.

ஆயத்தத்தின் அறிகுறிகள்

கியர் மாற்றும்போது கண் கீழே போகாமை, நெரிசலில் எஞ்சின் அணையாமை, மேம்பால ஏற்றத்தில் வண்டி பின்னுக்கு நகராமை ஆகியவை எளிதில் சோதிக்கத்தக்கவை. கை, கால்களின் வேலை தன்னியல்பாக நடந்து, கவனம் முழுதும் சாலையில் இருப்பதே முதன்மையான அறிகுறி. எதிரே வரும் ஆட்டோ சைகையின்றித் திரும்பக்கூடும் என்பதை அது திரும்புமுன் ஊகிப்பவருக்கு அந்நிலை வாய்த்துவிட்டது எனலாம். உரிமம் பெற்ற ஒருவரை வேறொரு வண்டியில் பின்தொடரச் செய்து கருத்துக் கேட்பது, பயிற்றுநர் இல்லாத குறையை ஓரளவு ஈடுசெய்யும்.

எந்த வண்டியில் தேர்வு என்பதையும் முன்னரே முடிவு செய்தல் வேண்டும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் எட்டு போடுவது எளிது. ஆனால் அவ்வகைக்குப் பெற்ற உரிமத்தைக் கொண்டு கியர் உள்ள மோட்டார் சைக்கிளை ஓட்ட முடியாது.